நாற்பத்தொரு மஞ்சள் வரிகள்

ஜனவரி 6

அன்புள்ள வாலு,

நான்காம் வகுப்பில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நினைவிருக்கிறதா? எனக்கு வேலை கிடைத்த முதல் வருடம் அது. உனக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்து மூன்று. வகுப்பில் என்னை அக்கா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று காலையில் தலை பின்னிவிடும்போதே சொல்லிக் கூட்டி வந்திருந்தேன். பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதினாய் என்று உன்னை எழுப்பி நிற்க வைத்தேன். நீ நின்றபடியே கேட்டாய்:

"டீச்சர், அவ நோட்டைப் பார்த்து எழுதினா தப்பு. போர்டைப் பார்த்து எழுதினா மட்டும் எப்படி சரி?"

வகுப்பே சிரித்தது. நான், "வாயை மூடிட்டு உட்காரு" என்றேன். முப்பத்தேழு வருடம் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அதற்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

செப்டம்பரில், என் வீட்டில் நடந்த ஓய்வு விருந்தில், நான் செய்ததும் அதையேதான். மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாக நீ சொன்னாய். நான் என்ன ஏது என்று கேட்காமல் வேடிக்கை காட்டினேன். "இவளா? பரீட்சைன்னாலே பாத்ரூமுக்கு ஓடுவாளே! நாற்பத்தேழு வயசுல எம்.எஸ்சியா?" மேசை முழுக்கச் சிரிப்பு. நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனாய். நாலு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

போன வாரம் உன் வீட்டுக்காரர் போன் செய்தார். என் காது இப்போது போனுக்கு ஒத்துழைப்பதில்லை. பாதி கேட்டது. கேட்ட பாதியில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்பது இருந்தது.

மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். பதில் போடு. திட்டியாவது போடு.

அக்கா


ஜனவரி 15

அக்கா,

மதியம் இரண்டே முக்கால். பணி முடிந்தது. உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபம் இருக்கிறது. குறைந்து வருகிறது.

முதலில் ஒரு திருத்தம். இடம் கிடைக்கவில்லை, கிடைக்கலாம். பட்டம் வாங்கி இருபத்தைந்து வருடம் ஆனவர்களை நேரே முதுநிலைப் படிப்பில் சேர்க்க மாட்டார்கள். முதலில் பன்னிரண்டு வாரம் ஆயத்தப் படிப்பு. ஆய்வுக் கட்டுரையை எப்படி வாசிப்பது, அதில் எதை நம்புவது, படித்ததை வைத்து எப்படி எழுதுவது என்று சொல்லித் தருகிறார்கள். இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று எழுதித் தேற வேண்டும். தேறினால் இடம். இதற்காக மருத்துவமனை வாரத்துக்கு ஒரு நாள் விடுப்புத் தருகிறது. இந்த ஒரு முறைதான் தருவார்கள். இன்னொரு முறை என்று ஒன்று கிடையாது.

ஏன் படிக்கிறேன் என்று அன்றைக்கு நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். என் வார்டில் முப்பது படுக்கை. பெரும்பாலும் வயதானவர்கள். வாரத்துக்கு ஒருவராவது கீழே விழுகிறார். இடுப்பெலும்பு முறிந்தால் அதற்குப் பிறகு சிலர் எழுந்து நடப்பதே இல்லை. ஒரு கூட்டத்தில், "இதுக்கு ஏதாவது செய்யணும் சார்" என்றேன். கண்காணிப்பாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆதாரம் இருக்கா சிஸ்டர்?" என்றார். இருபத்தைந்து வருடமாகக் கண்ணால் பார்ப்பது ஆதாரம் இல்லையாம். சரி, எதுதான் ஆதாரம் என்று படித்துவிட்டு வந்து அதே மேசையில் உட்காருகிறேன் என்று முடிவு செய்தேன்.

முதல் வகுப்பில் பதினெட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றைக் கொடுத்தார்கள். கடைசிப் பக்கம் வரும்போது முதல் பக்கம் மறந்துவிட்டது. என் பக்கத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட், என் மகள் வயசு. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம், பாத்ரூமுக்கு ஓடினேன். சந்தோஷமா?

வாலு


ஜனவரி 24

அன்புள்ள வாலு,

சந்தோஷம் இல்லை. ஆனால் சிரித்தேன். தனியாக உட்கார்ந்துதான் சிரித்தேன், அதனால் கோபித்துக்கொள்ளாதே.

பதினெட்டுப் பக்கத்தை முதல் வரியிலிருந்து ஏன் பிடிக்கிறாய்? புது வீட்டுக்குக் குடி போனால் முதலில் என்ன செய்வோம்? எல்லா அறையையும் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்போம். எது சமையலறை, எது படுக்கையறை என்று தெரிந்த பிறகுதான் அலமாரியைத் திறப்போம். அது மாதிரி முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் படி. என்ன கேட்டார்கள், என்ன கண்டுபிடித்தார்கள் என்று தெரிந்துவிடும். பிறகு நடுவில் போய் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று பார். அந்தப் பெண்ணும் அப்படித்தான் படித்திருப்பாள். அவளிடமே கேட்டுப் பார்.

எழுதுவதற்கும் பயப்படாதே. அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் பெரிய பேராசிரியர்கள். அவர்களைவிட நன்றாக நாம் எழுதிவிடப் போவதில்லை. படிக்கும்போதே நல்ல நல்ல வரிகளை ஒரு நோட்டில் எடுத்து வை. கடைசியில் மணி கோப்பது மாதிரி வரிசையாகக் கோத்துவிடு. என் பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்படித்தான் முதல் மதிப்பெண் வாங்கினார்கள்.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

மாலை நான்கு. கட்டுரையைக் கொடுத்தாயிற்று. நிலை: நன்று. சாப்பிட்டேன், தூங்கினேன்.

வீட்டைச் சுற்றிப் பார்க்கிற வழி பலித்தது. அந்தப் பெண்ணிடமும் கேட்டேன். "ஐயோ சிஸ்டர், நானும் முழுசாப் படிக்கலை. மொதல்ல முடிவைத்தான் பார்ப்பேன்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. இப்போது பேருந்தில் போகும் நாற்பது நிமிடத்தில் ஒரு கட்டுரையை ஒரு சுற்று சுற்றிவிடுகிறேன்.

முதியவர்கள் மருத்துவமனையில் விழுவதைத் தடுப்பது எப்படி என்பதுதான் தலைப்பு. ஒன்பது கட்டுரை படித்தேன். நல்ல வரிகளை நோட்டில் எடுத்தேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. டாக்டர் எழுதும் மருந்தை இருபத்தைந்து வருடம் பார்த்து எழுதிய கை அல்லவா! இரண்டு விரலால் தட்டச்சு செய்ததில் தோள்பட்டை மட்டும் பிடித்துக்கொண்டது. இவர் படித்துப் பார்த்துவிட்டு, "ரேடியோ செய்தி மாதிரி இருக்கு" என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பரை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த கடிதத்தில் உங்கள் காதைப் பற்றி எழுதுங்கள். டாக்டரிடம் போகிறீர்களா, இல்லையா?

வாலு


மார்ச் 7

அக்கா,

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. நாற்பத்தொன்பது வரியில் நாற்பத்தொரு வரிக்கு மஞ்சள் பூசியிருக்கிறார்கள். மேலே ஒரே ஒரு குறிப்பு: 'இவை உங்களுடையவை அல்ல.'

இதற்குப் பெயர் திருட்டாம். செவ்வாய்க்கிழமை மூன்று பேர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

இருபத்தைந்து வருடத்தில் வார்டிலிருந்து ஒரு பஞ்சு உருண்டைகூட வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை.

வாலு


மார்ச் 11

வாலு,

இது உன் கைக்கு வரும்போது செவ்வாய்க்கிழமை முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் தப்பு இல்லை இது. கோத்துவிடு என்று சொன்னவள் நான். அந்தப் படிப்பை நடத்துகிறவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். 'என் தங்கைக்குத் தவறாக வழி சொன்னவள் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, தண்டனை அவளுக்கே' என்று. உன்னைக் கேட்காமல் அனுப்ப மாட்டேன். தபால்தலை ஒட்டியாயிற்று.

நேற்று முழுக்க ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். அழகாகப் பார்த்து எழுது என்று முப்பத்தேழு வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்! நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு பிள்ளையைக் கேட்டது எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு கையின் விரல்களே தேவைக்கு அதிகமாகிவிட்டன.

என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

அக்கா


மார்ச் 15

அக்கா,

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். தபால்தலை போனால் போகட்டும். நீங்கள் சொன்னீர்கள், உண்மை. செய்தது என் கை. நாற்பத்தேழு வயசுக்காரி அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் நிற்க முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன். நீளமான மேசை, சத்தம் போடும் மின்விசிறி, மூன்று நாற்காலி. நடுவில் எங்களுக்குப் பாடம் எடுக்கும் மேடம். ஒரு பக்கம் நூலகர். இன்னொரு பக்கம் வழுக்கைத் தலைப் பேராசிரியர் ஒருவர்.

"ஏன் சிஸ்டர் இப்படிச் செஞ்சீங்க?" என்றார் மேடம். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"மேடம், டாக்டர் அஞ்சு மில்லின்னு எழுதினா நானும் அஞ்சு மில்லின்னுதான் எழுதணும். என் சொந்த வார்த்தையில எழுதினா ஆள் செத்துப்போயிடுவார். எனக்குப் பழக்கம் அதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. வழுக்கைத் தலைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சரிம்மா. அந்த அஞ்சு மில்லிக்குப் பக்கத்துல யார் பேரை எழுதுவீங்க?"

"டாக்டர் பேரை."

"இதுல யார் பேரும் இல்லையே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வார்டு நோட்டில், யார் சொன்னது என்று குறிக்காமல் நான் ஒரு வரி எழுதியதில்லை. டாக்டர் சொன்னது தனி, நோயாளி சொன்னது தனி, நான் பார்த்தது தனி. கட்டுரையில் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கியிருக்கிறேன். அதிலும் நான் பார்த்தது என்று ஒரு சொட்டுக்கூட இல்லை.

இன்னொரு வாய்ப்புத் தந்திருக்கிறார்கள். ஏப்ரல் 2. புதிதாகக் கட்டுரை எழுத வேண்டும், அதே மூன்று பேர் முன்னால் கையில் காகிதம் இல்லாமல் விளக்க வேண்டும். தவறினால் இடம் போய்விடும். கோப்பில் குறிப்பு எழுதி மருத்துவமனைக்கும் அனுப்புவார்கள். அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்தில் வாயைத் திறப்பது?

பெயர் போடக் கற்றுக்கொண்டேன். நூலகரே அரை நாள் உட்கார்ந்து சொல்லித் தந்தார். எழுதத்தான் வரவில்லை. உட்கார்ந்தால் அந்த நாற்பத்தொரு வரிகளே வந்து நிற்கின்றன. மனப்பாடம் ஆகிவிட்டது. விலகிக்கொள்ளலாமா என்று இருக்கிறது. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

வாலு


மார்ச் 19

அன்புள்ள வாலு,

கிழித்துவிட்டேன். தபால்தலையை மட்டும் நீராவியில் காட்டி எடுத்துக்கொண்டேன். இந்த உறையில் இருப்பது அதுதான்.

காதைப் பற்றிக் கேட்டாயே, நேற்றுப் போய்வந்தேன். சுவரெல்லாம் மெத்தை வைத்த சின்ன அறை. காதுக் கருவி மாட்டிவிடும் பெண் பத்து நிமிடம் விளக்கிச் சொன்னாள். முடித்துவிட்டு, "அம்மா, நான் சொன்னதை இப்ப உங்க வார்த்தையில எனக்குச் சொல்லுங்க" என்றாள்.

"நல்லாவே கேட்டுச்சும்மா."

"கேட்டது தெரியும். புரிஞ்சுதான்னு பார்க்கணும்."

நான் யார்? டீச்சர் அல்லவா! நிமிர்ந்து உட்கார்ந்து அவள் சொன்னதை அச்சுப் பிசகாமல் ஒப்பித்தேன்: "கருவியை ஈரம் படாத இடத்தில் பாதுகாக்க வேண்டும்." அவள் தலையை ஆட்டினாள். "அது என் வார்த்தைம்மா. வீட்டுக்குப் போய் நீங்க என்ன செய்வீங்க, அதைச் சொல்லுங்க."

என் வீட்டை மனதுக்குள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். பிறகு சொன்னேன், "குளிக்கப் போறதுக்கு முன்னாடி கழட்டி டப்பாவுல போட்டு, டப்பாவை ஜன்னல் மேல வைப்பேன்." அவள் கை தட்டாத குறைதான். "அவ்வளவுதாம்மா! இது உங்களோடது."

உங்கள் துறையில் எல்லாரையும் இப்படித்தான் மடக்குவீர்களா? உன் கஷ்டத்துக்கு நடுவில் இதை ஏன் எழுதுகிறேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ இருக்கிற மாதிரி தோன்றியது, எழுதிவிட்டேன்.

விலகாதே. நான் சொன்னதால் வேண்டாம். அந்த மேசையில் போய் உட்காருகிறேன் என்று நீயே எழுதினாய், அதற்காக.

அக்கா

(கருவி நன்றாக வேலை செய்கிறது. மாடி வீட்டுக்காரி என்னைப் பற்றி என்ன பேசுகிறாள் என்று இப்போது தெரிகிறது.)


மார்ச் 23

அக்கா! அக்கா!

அந்தக் கேள்வியை நான் ஒரு நாளைக்கு நாலு பேரிடம் கேட்கிறேன்! வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு நோயாளியிடமும். "மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க பார்ப்போம்." என் சொற்களையே திருப்பிச் சொன்னால் விட மாட்டேன். புரிந்தவர் வேறு மாதிரி சொல்வார். "காலைல பல்லு விளக்கினதும் வெள்ளை, படுக்கறதுக்கு முன்னாடி மஞ்சள்" என்பார். இருபத்தைந்து வருடமாக ஊரெல்லாம் கேட்ட கேள்வியை நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நோட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். ஒரு கட்டுரையை எடுத்து ஒரு பக்கம் படித்தேன். மூடினேன். இவர் டிப்போவிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

"நான் ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டுத் திருப்பிச் சொல்லணும்."

"எனக்கா பரீட்சை? நான் வெறும் டிரைவர்மா."

சொன்னேன். அவர் மென்றுகொண்டே யோசித்தார். "அதாவது, கைப்பிடி வெச்சாங்க. வழுக்காத செருப்பு குடுத்தாங்க. அதுக்கப்புறமும் பாதிப் பேர் விழறாங்க. அப்படித்தானே?"

"ஆமா."

"எத்தனை மணிக்கு விழறாங்க?"

"அதை அவங்க எழுதலையே."

"அதென்ன எழுதாம விடறது? எங்க டிப்போவுல வண்டி வண்டியோட உரசறதெல்லாம் ரெண்டு மணிக்குத்தான். ஷிப்ட் மாறும்போது எல்லாரும் கையெழுத்துப் போட ஜன்னல்கிட்ட நிப்போம். பின்னாடி நின்னு பார்க்க ஆள் இருக்காது."

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் காலை கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்கி, யார் பெயரையும் எடுக்காமல், விழுந்தவர்கள் பதிவேட்டில் நேரத்தை மட்டும் எழுதினேன். போன வருடம் ஐம்பத்திரண்டு பேர். அதில் இருபத்து மூன்று பேர் மதியம் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவில். அப்போது நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? ஹேண்ட் ஓவர். போகிற நர்சும் வருகிற நர்சும் மேசையைச் சுற்றி நின்று, நோட்டைப் பார்த்து, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசிக்கொள்கிறோம். முப்பது படுக்கைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு.

விலகவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாலு


மார்ச் 26

வாலு,

பெரிய விஷயத்தைப் பிடித்துவிட்டாய். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், இதில் ஒன்றும் தெரியாதவள் கேட்கிறேன். ஒன்றரை மணி என்றால் மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கழிவறைக்குப் போக நிறையப் பேர் எழுந்திருப்பார்கள் இல்லையா? நீங்கள் முதுகைக் காட்டியதால் விழுந்தார்களா, இல்லை எழுந்து நடந்தவர்கள் அதிகம் என்பதால் விழுந்தார்களா?

என் பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தால் விடை சரியாக இருந்தாலும் நான் வேறு வழியில் போட்டுப் பார்ப்பேன். அந்தக் கெட்ட பழக்கம். குறை சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

காலை ஆறு மணி. இன்று விடுமுறை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன், கடைசி வரியை முதலில் பார்க்கக் கூடாது.

உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் நியாயமான கேள்விதான் என்று பட்டது. மூன்று நாள் அதே யோசனையாக இருந்தேன். தரை துடைக்கும் அம்மாதான் ஏதோ பேச்சில், "குழாய் மாத்தினப்போ இங்க நடக்கவே இடமில்லாம இருந்துச்சே" என்றார். சட்டென்று பிடித்தது. போன வருடம் மூன்று மாதம் வார்டில் குழாய் மாற்றி, சுவருக்கு வண்ணம் பூசினார்கள். மேசையை மூடி வைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஒவ்வொரு படுக்கையின் ஓரத்திலும் நின்று ஹேண்ட் ஓவர் செய்தோம். சாப்பாட்டு நேரம் மாறவில்லை. கழிவறையும் அதே இடம்தான். பதிவேட்டைத் திறந்தேன். அந்த இருபத்து மூன்று பேரில் அந்த மூன்று மாதத்தில் விழுந்தவர் ஒரே ஒருவர்.

அதை எழுதினேன். அவர்கள் சொன்னது எது, நான் பார்த்தது எது, எனக்குத் தோன்றுவது எது என்று வார்டு நோட்டில் பிரிப்பது போலப் பிரித்து எழுதினேன்.

நேற்று அதே மேசை, அதே மின்விசிறி. கட்டுரையை என் முன்னால் வைத்தார்கள். மூன்று வரி மட்டும் மஞ்சள். மூன்றும் மேற்கோள் குறிக்குள் இருந்தன. பக்கத்தில் எழுதியவர் பெயர் இருந்தது. மேடம் அதை விரலால் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

அரை மணி நேரம் காகிதம் இல்லாமல் பேசினேன். படுக்கையில் இருப்பவரின் மகளுக்கு எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொன்னேன். வழுக்கைத் தலைப் பேராசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க முடிவு தப்பா இருக்கலாமா சிஸ்டர்?"

முன்பென்றால் இந்தக் கேள்விக்கே அழுதிருப்பேன். "இருக்கலாம் சார். ஒரு வார்டு, ஒரு வருஷம். அந்த மூணு மாசம் நோயாளிங்களும் கொஞ்சம் கம்மி. இன்னும் ரெண்டு வார்டுலயாவது பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். எங்கக்காகூட சாப்பாட்டு நேரத்தைப் பத்தி ஒரு கேள்வி கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் அந்த மூணு மாசத்தையே தேடினேன்."

"உங்கக்கா எந்தத் துறையில ஆராய்ச்சி பண்றாங்க?"

"ரிட்டயர்டு டீச்சர் சார். சும்மா கேட்டாங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். செப்டம்பர் சிரிப்பு மாதிரி இல்லை அது.

வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பதினோரு நிமிடம். பாத்ரூம் எதிரிலேயே இருந்தது. நான் ஓடவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். கதவு திறந்தது. மேடம் தலையை மட்டும் நீட்டினார்.

"ஆகஸ்ட்ல வகுப்பு ஆரம்பம் சிஸ்டர். புது நோட்டு வாங்கி வைங்க."

அக்கா, கிடைத்துவிட்டது!

வாலு


ஜூன் 30

அன்புள்ள அக்கா,

மதியம் மூன்று. நிலை: மிக நன்று.

ஏப்ரல் கடைசியில் கூட்டம் நடந்தது. எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். கண்காணிப்பாளர் வழக்கம்போலக் குனிந்து எழுதிக்கொண்டே, "ஆதாரம் இருக்கா சிஸ்டர்?" என்றார்.

"இருக்கு சார். அது எதுவரைக்கும் செல்லும், எங்க செல்லாதுன்னும் எழுதியிருக்கேன்."

பேனா நின்றது. நிமிர்ந்தார். இருபத்தைந்து வருடத்தில் அந்த மனிதரின் கண் என்ன நிறம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டு மாதம் சோதித்துப் பார்க்கச் சொன்னார். மேசையைக் கைவிட்டோம். இப்போது படுக்கை படுக்கையாக நின்று ஹேண்ட் ஓவர் செய்கிறோம். முதல் வாரம் இளம் நர்சுகள் முணுமுணுத்தார்கள். நான்காம் நாள் பதினேழாம் படுக்கைப் பெரியவரைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு நகர்ந்தோம். அவர் கையைத் தூக்கினார். "ஏம்மா, ராத்திரி எனக்குத் தலை சுத்துச்சுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேனே, அதை விட்டுட்டுப் போறீங்க?" விட்டுத்தான் போயிருந்தோம். அவர் எழுந்து விழாதபடி படுக்கையின் பக்கக் கம்பியை உயர்த்தினோம். அதற்குப் பிறகு முணுமுணுப்பு இல்லை.

போன வருடம் இதே இரண்டு மாதத்தில் அந்த நேரத்தில் ஆறு பேர் விழுந்தார்கள். இந்த முறை ஒருவர். அவருக்கும் எலும்பு முறியவில்லை. நேற்று அந்த ஆளில்லாத மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வார்டிலும் ஆரம்பிக்கப் போகிறார்கள். முதுநிலைப் படிப்பில் என் ஆய்வும் இதுவேதான் என்று மேடம் சொல்லிவிட்டார்.

உங்கள் தபால்தலையைத்தான் இந்த உறையில் ஒட்டியிருக்கிறேன். அதற்காகத்தான் வைத்திருந்தேன்.

வாலு


ஜூலை 5

அன்புள்ள வாலு,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு மாடி வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்து முழுக்கச் சொன்னேன். அவள் பதினேழாம் படுக்கைப் பெரியவருக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் உனக்காகத் துடைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் மதியச் சாப்பாடு. செப்டம்பரில் சிரித்த எல்லாரையும் கூப்பிட்டிருக்கிறேன், ஒருவர் பாக்கியில்லை. அதே மேசை. சாப்பாட்டுக்கு முன்னால் நான் எழுந்து நின்று இரண்டு விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, அன்று நான் பேசியது தப்பு. இரண்டாவது, நீ என்ன செய்தாய் என்பது. இரண்டையும் யாரும் எழுதித் தராமல் என் சொந்த வார்த்தையில் சொல்வேன். நீ கையைக் கழுவிக்கொண்டு ஓட முடியாதபடி சுவர் ஓர நாற்காலியில் உட்கார வைக்கப் போகிறேன்.

இனி, நான்காம் வகுப்புக் கேள்விக்கு வருகிறேன். முப்பத்தெட்டு வருடம் தாமதமாகிவிட்டது, பரவாயில்லை, எழுந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்தே கேள்.

நீ கேட்டது சரி. அவள் நோட்டைப் பார்த்து எழுதினாலும், என் போர்டைப் பார்த்து எழுதினாலும், கைதான் வேலை செய்கிறது. உனக்கு மருந்துப் பெயர் போல, ஒரு எழுத்தும் மாறக் கூடாத இடங்கள் சில உண்டு. அங்கே பார்த்துத்தான் எழுத வேண்டும், யார் சொன்னது என்றும் எழுத வேண்டும். மற்றதற்கெல்லாம் பார்த்து எழுதுவது முதல் பாதி. இரண்டாம் பாதி ஒன்று இருக்கிறது. போர்டை அழித்துவிட்டு உன் பக்கம் திரும்பி, "இதுல என்ன இருந்துச்சு, நீ சொல்லு" என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் போர்டை அழித்தேன். மணி அடித்தது. போய்விட்டேன்.

இன்றைக்குக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டுவிட்டு, நான் என்ன சொன்னேன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் உன் வார்த்தையில் சொல்லிப் பார்.

அக்கா